வேற பார்ட்டியும் கேக்குது

சங்கரன்கோவில்
11 பிப்ரவரி 2025

எப்சிக்கு,

நேற்று சாயங்காலம் போனில் "மெயில் வந்துச்சா?" என்று கேட்டேன். நீ போனை வைத்துவிட்டாய். கொஞ்ச நேரம் கழித்து மெசேஜ் அனுப்பினாய்: இனி போனில் சாப்பாடு, மழை, மாத்திரை பற்றி மட்டும்தான் பேச வேண்டும், பிஎச்.டி. அப்ளிகேஷன் பற்றி ஒரு வார்த்தை கூடாது, கேட்டே ஆகவேண்டும் என்றால் காகிதத்தில் எழுதிக் கேட்க வேண்டும். நடந்தது இவ்வளவுதான்.

சரி. காகிதத்தில் கேட்கிறேன். மெயில் வந்ததா?

கல்யாணமான இத்தனை வருடத்தில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. தபாலில் போட்டால் நாளாகும். அதனால் திருவனந்தபுரம் போகும் நம் பூ வண்டியிலேயே, பிச்சிப்பூப் பெட்டியின் மேல் ஒட்டி, டிரைவர் ஷாஜித்திடம் கொடுத்துவிடுகிறேன். "ஹாஸ்டல் வாசல்ல அக்கா கையிலயே குடுத்திருதேன் அண்ணாச்சி. ஆனா புருசன் பொஞ்சாதி எதுக்கு லெட்டர் எழுதிக்கிடுதீங்க?" என்றான். "போன்ல சார்ஜ் இல்லைடே" என்றேன். என் சட்டைப்பையில் போன் மணியடித்தது. அவன் மிச்சப் பெட்டிகளை ஏற்றப் போய்விட்டான்.

பூக்காரனுக்குக் காத்திருக்கத் தெரியாது என்று நினைக்காதே. காலையில் பெட்டியை ஏற்றும்போது எனக்கு விலை தெரியாது. அங்கே சாலை என்கிற பெரிய மார்க்கெட்டில் இறக்கி, விற்று, சாயங்காலம் கமிஷன்காரன் போனில் சொல்வதுதான் விலை. ஆனால் சாயங்காலமானால் சொல்லிவிடுவான். உன் காலேஜ்காரர்கள் டிசம்பரில் சரக்கை வாங்கி வைத்துக்கொண்டு மாசி பிறக்கப்போகும் வரை வாயைத் திறக்கவில்லை. இது என்ன வியாபாரம் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

போன வருடம் நீ கேட்ட எல்லா இடத்திலும் இல்லை என்றார்கள். நானாக இருந்தால் அந்தத் தெருப் பக்கமே போயிருக்கமாட்டேன். நீ ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி முதல் வரியிலிருந்து எழுத உட்கார்ந்தாய், முப்பத்தாறு வயதில். இந்தப் பூ மார்க்கெட்டில் அடிவாங்கி எழுந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டீ குடித்த சூட்டோடு எழுந்தவள் நீ ஒருத்திதான்.

பூவின் மணத்தை ஆராயும் அந்தக் கனடா புரொஃபசர், நம் பாஷையில் வாசனை அம்மா, ஜனவரியில் உன்னோடு கம்ப்யூட்டரில் சிரித்துச் சிரித்துப் பேசினாரே, பிப்ரவரி பாதிக்குள் சொல்கிறேன் என்றாரே, அவர் சொன்ன நாள் நெருங்குகிறது. அதைத்தான் கேட்க வந்தேன். கேட்டுவிட்டேன்.

ஜெபசிங்

*

திருவனந்தபுரம்
13 பிப்ரவரி 2025

அத்தான்,

வரவில்லை.

வந்தவை வேறு. நேற்று போன் டிங் என்றது. கையில் இருந்த கண்ணாடிக் குழாயை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். ஒரு புடவைக் கடை, என் பிறந்தநாளுக்குத் தள்ளுபடியாம். என் பிறந்தநாள் ஆகஸ்டில். அதற்குப் பிறகு இன்னொரு டிங். இது நிஜமான பதில்: "இந்த ஆண்டு வந்த விண்ணப்பங்கள் எல்லாமே மிகத் தரமானவை, ஆகையால்..." அந்த "ஆகையால்" வரை படித்தால் போதும். போன வருடம் ஒவ்வொன்றையும் கடைசி வரி வரை படித்தேன். இந்த வருடம் பழகிவிட்டது.

நீங்கள் ஒன்றும் தப்பாகக் கேட்கவில்லை. நீங்கள் கேட்கும்போது உங்கள் குரலில் ஒரு நம்பிக்கை இருக்கிறது பாருங்கள், "இல்லை" என்று சொல்லி அதைத் தினமும் நானே அணைக்க வேண்டியிருக்கிறது. அதுதான் தாங்கவில்லை. காகிதம் என்றால் உங்கள் முகமும் தெரியாது, குரலும் கேட்காது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் நியாஸ் அகமது என்று ஒரு பையன் இருக்கிறானே, இருபத்துநாலு வயது, அவனுக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது. எல்லாருக்கும் அல்வா கொடுத்தான். "மேடம், அடுத்தது உங்களுதுதான்" என்றான். நல்ல பையன். அல்வாவும் நன்றாகத்தான் இருந்தது. பாதிக்கு மேல் இறங்கவில்லை.

நீங்கள் விலை தெரியாமல் சரக்கை ஏற்றிவிட்டு, நிம்மதியாக இட்லி சாப்பிடுகிறீர்கள். அந்தத் தைரியம் படித்து வருவதில்லை. உங்களைப் பார்த்துத்தான் நான் அப்ளிகேஷனை அனுப்பும் பட்டனையே அழுத்தினேன்.

ஒரே ஒரு வேண்டுதல். சபையில் எனக்காக ஜெபிக்கச் சொல்லி சீட்டு கொடுத்தீர்களாமே? முன்வரிசைப் பெண்கள் எல்லாரும் மெசேஜ் அனுப்புகிறார்கள். ஆண்டவருக்கு ஏற்கனவே தெரியும், அத்தான். முன்வரிசைக்குத் தெரிய வேண்டாம்.

எப்சி

*

சங்கரன்கோவில்
27 பிப்ரவரி 2025

எப்சி,

நேற்று சிவராத்திரி. மல்லி கொண்டுவந்தவர்களுக்கெல்லாம் நல்ல நாள். கரிவலம்வந்தநல்லூர் தோட்டத்துப் பூமாரி, பையைத் தராசில் வைக்கும் முன்பே கேட்டாள்: "அண்ணாச்சி, மைனி டாக்டர் ஆயிட்டாகளா?"

"அது ஊசி போடுத டாக்டர் இல்ல, பூமாரி."

"பின்னே?"

"பூ ஏன் மணக்குதுன்னு கண்டுபிடிக்க டாக்டர்."

"அதைக் கண்டுபிடிச்சு என்ன செய்ய? மணக்கத்தானே செய்யுது?"

"ஐஸ் பெட்டியில போட்டா வெள்ளையா இருக்கும், மணக்காதே. அந்த மணம் எங்கன போச்சு? உனக்குத் தெரியுமா?"

பூமாரி பையைத் தராசில் வைத்தாள். "ஆமா, எங்கன போச்சு?" என்றாள். பிறகு, "மைனி வந்தா என்கிட்டயும் சொல்லச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். உன் கேள்விக்கு இங்கே ஒரு ஆள் காத்திருக்கிறாள் என்று தெரிந்துகொள்.

சரி, தொழில் பேசுவோம். வாசனை அம்மா சொன்ன நாள் தாண்டிவிட்டது. பேசாமல் இருக்கிற பார்ட்டியை அப்படியே விடக்கூடாது. "வேற பார்ட்டியும் கேக்குது" என்று ஒரு வார்த்தை போட்டால்தான் அசைவான். நீயே ஒரு மெயில் தட்டு: இன்னொரு காலேஜில் கூப்பிட்டுவிட்டார்கள், உங்கள் முடிவு என்ன, சீக்கிரம் சொல்லுங்கள் என்று. மறுநாளே பதில் வரும். வரவில்லை என்றால் என் கடைப் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

ஜெபசிங்

*

திருவனந்தபுரம்
1 மார்ச் 2025

அத்தான்,

அப்படி எழுதக் கூடாது. கூப்பிடாத காலேஜ் கூப்பிட்டது என்று சொன்னால் அது பொய். அவர்கள் என்னைப் பார்த்ததில்லை. நான் எழுதியதை வைத்துத்தான் நான் யார் என்று முடிவு செய்கிறார்கள். அதில் ஒரு வரி பொய் என்றால் மொத்தமும் பொய்தான்.

இன்று இன்னொரு "ஆகையால்" வந்தது. இனி பாக்கி இருப்பது வாசனை அம்மா மட்டும்தான். இங்கே என் வேலை மே மாதத்தோடு முடிகிறது. அவரும் இல்லை என்றால் நான் வந்துவிடுகிறேன், அத்தான். மூன்றாவது தடவை கேட்கமாட்டேன். கடையில் உட்கார்ந்து பில் போடுகிறேன். இதை வருத்தத்தில் சொல்லவில்லை. தெளிவாக யோசித்துச் சொல்கிறேன்.

நீங்கள் கொடுத்துவிட்ட மல்லிச் சரம் வந்தது. நாலு மணிக்குப் பிறகுதான் விரிந்தது. அறை முழுவதும் மணம். எதற்காக இந்த வேலையை ஆரம்பித்தேன் என்பது ஒரு நிமிடம் ஞாபகம் வந்தது.

எப்சி

*

திருவனந்தபுரம்
8 மார்ச் 2025

வாசனை அம்மாவிடமிருந்து பதில் வந்துவிட்டது. தமிழில் தருகிறேன்:

"அன்புள்ள எப்சிபா, இன்னொரு பல்கலைக்கழகம் உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டது என்று உங்கள் கணவர் எழுதியிருந்தார். மிக்க மகிழ்ச்சி. எங்கள் துறையின் முடிவு தாமதமானதற்கு வருந்துகிறேன். உங்களைத்தான் முதலில் வைத்திருந்தேன். அந்த இடத்தை இப்போது அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டேன். உங்கள் ஆராய்ச்சி சிறக்க வாழ்த்துகள்."

உங்களைத்தான் முதலில் வைத்திருந்தேன். இதை நான் எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதீர்கள்.

என்ன செய்தீர்கள், அத்தான்?

பதில் வேண்டாம். பூவும் வேண்டாம். போன் செய்யாதீர்கள்.

*

சங்கரன்கோவில்
9 மார்ச் 2025

எப்சி,

பதில் வேண்டாம் என்றாய். நடந்ததை மட்டும் எழுதுகிறேன். நீ படிக்காவிட்டாலும் சரி.

உன் மார்ச் ஒன்றாம் தேதிக் கடிதத்தைப் படித்துவிட்டு, கடைக்கு வந்து பில் போடுகிறேன் என்ற வரியில் நின்றேன். அதற்குமேல் கண் போகவில்லை. வீட்டு மேசையில் உன் பயோடேட்டா இருந்தது. அதில் அந்த அம்மாவின் மெயில் முகவரி. போனைப் பார்த்துத் தமிழில் சொன்னேன், அது இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தது: "என் மனைவி நல்ல சரக்கு, இன்னொரு காலேஜ் அவளை எடுத்துவிட்டது, நீங்கள் விரும்பினால் உடனே சொல்லவும்." அனுப்பிவிட்டேன். ரொம்ப சாமர்த்தியம் செய்ததாக நினைத்துச் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

இதை யோசித்துப் பார். இந்த மார்க்கெட்டில் "வேற பார்ட்டியும் கேக்குது" என்று நான் தினமும் சொல்கிறேன். அது பொய் என்று எதிராளிக்குத் தெரியும். அவன் "இந்த விலைக்கு வேண்டாம், கொண்டு போங்க" என்கிறான். அதுவும் பொய் என்று எனக்குத் தெரியும். இரண்டு பொய்க்கும் நடுவில்தான் எங்கள் விலை இருக்கிறது. பதினாறு வயதில் சாக்கு தூக்க வந்தவன் நான். இன்றுவரை என் அந்த வார்த்தையை யாரும் நம்பியதில்லை. அங்கே ஒரு அம்மா நம்பிவிட்டார். நம்பி, உனக்காகச் சந்தோஷப்பட்டு, உன் இடத்தை எடுத்து வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்.

சொன்ன வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்கிற ஆட்களோடு நான் வியாபாரம் செய்ததில்லை. நீ அந்த ஆட்களில் ஒருத்தி. கூடவே இருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை.

நீ சொல்லாமல் இனி உன்னைப் பற்றி யாருக்கும் ஒரு எழுத்தும் எழுதமாட்டேன்.

ஜெபசிங்

*

சங்கரன்கோவில்
15 மார்ச் 2025

எப்சி,

ஆற்றுக்கால் பொங்காலைக்கு அனுப்பிய பூ நல்ல விலைக்குப் போனது. கூட வைத்த உன் சரம் மட்டும் திரும்பி வந்தது. "அக்கா லெட்டரை வாங்கிக்கிட்டாங்க அண்ணாச்சி. பூவைத் திருப்பிக் குடுத்துட்டாங்க" என்றான் ஷாஜித். "மூஞ்சி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். "உங்க மூஞ்சி மாதிரிதான் இருந்துச்சு" என்றான். லெட்டரை வாங்கினாய் அல்லவா, அதைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அந்த அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பவில்லை. நீ சரி என்று சொன்னால், உன் கையால் இங்கிலீஷில் மாற்றி, என் பெயரில் அனுப்பு. வேண்டாம் என்றால் கிழித்துவிடு. இதோ:

"அம்மா, நான் எப்சிபாவின் கணவன். பூ வியாபாரி. அவளுக்கு வேறு காலேஜ் கிடைத்துவிட்டது என்று நான் எழுதியது பொய். அவளைக் கேட்காமல் எழுதினேன். எங்கள் மார்க்கெட்டில் எல்லாரும் இப்படிச் சொல்வோம், யாரும் நம்பமாட்டோம். நீங்கள் நம்புவீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

என் கடையில் ஐஸ் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் மணம் போய்விட்டதே என்று நான் திட்டுவேன். என் மனைவி திட்டவில்லை. அந்த மணம் எங்கே போனது என்று கேட்டாள். கேட்டதோடு விடாமல் எம்.எஸ்சி. படித்தாள், வீட்டை விட்டு வேறு ஊருக்குப் போய் வேலை பார்த்தாள். சிரிப்பவர்கள் முன்னால் திரும்பத் திரும்ப அதே கேள்வியைக் கேட்கிறாள். நான் விற்றிருக்கிற எந்தச் சரக்கைப் பற்றியும் இவ்வளவு நிச்சயமாக நான் சொன்னதில்லை: அவளுக்கு ஈடு கிடையாது.

பொய் சொன்னவன் நான். என்னைத் தண்டிக்கலாம் என்றால் என் அப்ளிகேஷன் எதுவும் உங்களிடம் இல்லை. அதற்காக அவளுடையதை எடுத்துக்கொள்ளாதீர்கள். அவளுக்கு நீங்கள் உதவித்தொகை தரவேண்டாம். படிப்புச் செலவு முழுவதும் நானே பார்த்துக்கொள்கிறேன். இடம் மட்டும் கொடுங்கள்."

அவ்வளவுதான். வேறு எதையும் நான் ஏற்றிச் சொல்லவில்லை.

ஜெபசிங்

*

திருவனந்தபுரம்
18 மார்ச் 2025

அத்தான்,

அனுப்பிவிட்டேன். கடைசியில் இருந்த அந்த வரிகளை மட்டும் வெட்டிவிட்டேன்.

உதவித்தொகை வேண்டாமா? வாடின கேந்திப்பூவைக்கூடச் சும்மா கொடுக்காத மனுஷன், பெண்டாட்டியை இலவசமாகக் கொடுக்கிறாரா? நான் அங்கே செய்யப்போவது வேலை. அதற்கு அவர்கள் சம்பளம் தருவார்கள். தராத இடத்துக்கு நான் போகமாட்டேன். நீங்களே சொல்லிக்கொடுத்ததுதான் இது: சரக்கின் விலையைக் குறைக்க வேண்டியது வாங்குகிறவன் வேலை, விற்கிறவன் வேலை இல்லை.

கோபம் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது இருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தை இங்கிலீஷில் மாற்ற உட்கார்ந்தபோது ஒன்று தெரிந்தது. நான் ஏன் இந்தப் படிப்பைக் கேட்கிறேன் என்று இரண்டு பக்கம் எழுதி எல்லா இடத்துக்கும் அனுப்பியிருந்தேன் அல்லவா? அதில் "தென் தமிழ்நாட்டின் மலர்ச் சந்தை ஒன்றில்" என்று எழுதியிருந்தேன். நம் கடை என்று எழுதவில்லை. ஐஸ் பெட்டியை நீங்கள் திறந்தீர்கள், நீங்கள் திட்டினீர்கள், நான் பக்கத்தில் இருந்து கேட்டேன் என்று எழுதவில்லை. படித்தவர்களுக்கு அது பொருத்தமாக இருக்காது என்று நினைத்தேன். நீங்கள் பத்து வரியில் எழுதியதுதான் நிஜம். அந்தப் பத்து வரியை நான் எழுதியிருந்தால் போன வருடமே கிடைத்திருக்குமோ என்னவோ.

ஷாஜித்திடம் சொல்லுங்கள், பூவை வாங்கிக்கொள்கிறேன்.

எப்சி

*

திருவனந்தபுரம்
29 மார்ச் 2025

அத்தான்,

பதில் வந்தது. வாசனை அம்மா எழுதியிருக்கிறார்: "உங்கள் கணவரின் கடிதத்தை எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் படித்துக்காட்டினேன். ஐஸ் பெட்டிக் கடைக்காரரை எங்களுக்கு மிகவும் பிடித்துப்போனது. ஆனால் கொடுத்த இடத்தை என்னால் திரும்பக் கேட்க முடியாது. அந்த மாணவர் ஏப்ரல் பதினைந்து வரை முடிவு சொல்லலாம். அவர் வரவில்லை என்றால் இடம் உங்களுடையது."

அவரைக் குறை சொல்ல முடியாது. கொடுத்த வார்த்தையைத் திரும்ப எடுக்காதவர் என்பதால்தானே நாம் இவருக்காக இவ்வளவு தவிக்கிறோம்?

மறுபடி காத்திருப்பு. ஆனால் இந்தத் தடவை என்ன வித்தியாசம் தெரியுமா? யாரோ ஒருவர் வரக்கூடாது என்று ஜெபிக்க எனக்கு வாய் வரவில்லை. அந்த மாணவருக்கும் யாராவது காத்திருப்பார்கள்.

எப்சி

*

சங்கரன்கோவில்
8 ஏப்ரல் 2025

எப்சி,

கேட்கமாட்டேன். நீ சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இப்போது நானும் போனைப் பார்க்கிறேன். தராசில் பூ இருக்கும்போதே பார்க்கிறேன். மூன்று நாளைக்கு முன் சாலை மார்க்கெட் கமிஷன்காரன் விலை சொன்னான். நான் "ம்" என்றேன். "என்னாச்சு அண்ணாச்சி, இந்த வெலைக்கு நீங்க சண்டைக்கு வருவீங்கன்னு நெனச்சேன்" என்றான். விலையையே நான் காதில் வாங்கவில்லை.

பூமாரி பூவை நிறுக்கக் கொடுத்துவிட்டு என்னையே பார்த்தாள். "உங்களுக்கு ஒடம்பு சரியில்லையா, இல்ல மைனிக்கு இன்னும் வரலையா?" என்றாள். "வரலை" என்றேன். "வரும். நல்ல பூவு விடிஞ்சதும் விரியாது, அண்ணாச்சி. சாயங்காலந்தான் விரியும்" என்றாள். மல்லி விற்கிறவளுக்கு மல்லியை விட்டால் வேறு பேச்சு இல்லை.

இந்த நாலைந்து வாரத்துக்கே எனக்கு இப்படி இருக்கிறது. நீ இரண்டு வருடமாக இதைச் செய்துகொண்டு, ஆய்வுக்கூடத்தில் வேலையும் பார்த்து, அந்தப் பையன் கொடுத்த அல்வாவையும் சாப்பிட்டாய். விலை தெரியாமல் பூ அனுப்புவதைத் தைரியம் என்று எழுதினாய். அது தைரியம் இல்லை, பழக்கம். உன்னுடையதுதான் தைரியம்.

வரவில்லை என்றாலும் கடைக்கு வந்து பில் போட வேண்டாம். மூன்றாவது தடவையும் கேள். அப்ளிகேஷன் கட்டணம் என் பொறுப்பு.

ஜெபசிங்

*

திருவனந்தபுரம்
16 ஏப்ரல் 2025

அத்தான்,

நேற்று அந்த மாணவர் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். இடம் போய்விட்டது.

காலையிலேயே இது தெரிந்தது. நான் அழவில்லை. விஷு முடிந்த மறுநாள், மார்க்கெட்டில் மிச்சமான கொன்றைப்பூ தெருவெல்லாம் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பூவுக்கு ஒரு நாள்தான், எனக்கு அடுத்த வருடம் இருக்கிறது என்று நினைத்தேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வாசனை அம்மாவே கம்ப்யூட்டரில் கூப்பிட்டார். ஐஸ் பெட்டிக் கேள்வியை விட மனமில்லாமல், வரும் ஜனவரிக்கு இன்னொரு இடம் ஏற்படுத்தியிருக்கிறாராம். முழு உதவித்தொகையோடு நான்கு வருடம். "சம்மதமா?" என்றார்.

அத்தான், அந்த இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் சொன்னேன்: "எனக்கு வேறு எந்த இடமும் இல்லை. நீங்கள் ஒருவர்தான். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். வெட்டி, ஐஸில் வைத்து, விமானத்தில் வந்த மல்லியை வைத்து இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. செடியில் இருக்கும் மல்லி வேண்டும். சீசனில் நான் சங்கரன்கோவிலில் இருக்க வேண்டும்." அவர் சிரித்தார். வருடத்துக்கு ஒரு மாதம் என்றார். ஒரு மாதத்தில் சீசன் ஏறும்போது வரும் பூவையும் இறங்கும்போது வரும் பூவையும் சேர்த்துப் பார்க்க முடியாது, இரண்டு மாதம் வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை. அந்தப் பேசாமல் இருப்பதை உங்களிடமிருந்துதான் கற்றேன்.

சரி என்றார்.

மெயில் வந்துவிட்டது, அத்தான். இப்போது போன் போடுங்கள். கேளுங்கள்.

எப்சி

*

சங்கரன்கோவில்
17 ஏப்ரல் 2025

எப்சி,

நேற்று போனில் நாம் பேசியது பாதி அழுகை, பாதி சிரிப்பு. ஒன்றும் ஞாபகம் இல்லை. பேச்சு பேச்சாகப் போய்விடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

வேற பார்ட்டி இல்லை என்று சொல்லி விலையை ஏற்றியவளை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. கடையில் எல்லாரிடமும் சொன்னேன், ஒருத்தரும் நம்பவில்லை. பூமாரி மட்டும் நம்பினாள். "மைனிக்கு எந்தச் செடி வேணும்னு கேட்டுச் சொல்லுங்க, இப்பவே பாத்தி பிரிச்சு வச்சிருதேன்" என்றாள். உன் முதல் மாதிரிச் செடி கரிவலம்வந்தநல்லூரில் தயார்.

நமக்குள் முடிந்தது இது: நான்கு வருடம். வருடத்தில் இரண்டு மாதம், மல்லி சீசனில், இங்கே. உதவித்தொகை உன்னுடையது, அதில் நான் கை வைப்பதில்லை. டிக்கெட் என்னுடையது, அதில் நீ கை வைப்பதில்லை. உன் பெயரில் நான் யாருக்கும் ஒரு வரி எழுதமாட்டேன். நீ எழுதும் எல்லாவற்றிலும் நம் கடையின் பெயர் இருக்கும். "மெயில் வந்துச்சா?" என்று நான் போனில் கேட்கலாம், நீ வைக்கக் கூடாது. பொய் பூவுக்கு மட்டும்.

ஜெபசிங்